ஊடலுக்கு ஒரு தெரு

பெற்றோர் 'அடம்' என்றும், ஆயாக்கள் 'வீம்பு' என்றும், உளவியலார் 'உணர்வுகளை ஒழுங்குபடுத்தும் திறன் முதிராமை' என்றும் குறிப்பது ஒன்றையே. அதாவது, பொங்கிவரும் கோபத்தைத் தானே தணித்துக்கொள்ளும் திறன், அதற்குரிய முன்மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்த பின்னரே முழுமை பெறுவதால், மூன்று வயதில் வாய்க்காதிருப்பதை. நாற்பது வயதிலும் சிலருக்கு வாய்க்காததற்கு மூளையைக் குறை சொல்ல இயலாது.

கோபித்துக்கொள்வதற்கென ஒரு தெருவையே ஒதுக்கிய ஊர் திருவண்ணாமலை. தை இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கலன்று, திருவூடல் தெருவில் அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலையம்மனுக்கும் பிணக்கு நேர்கிறது. அம்மன் கோயிலுக்குத் திரும்பிக் கதவை அடைத்துக்கொள்ள, சுந்தரமூர்த்தி நாயனார் தூது சென்றும் பயனின்றி, சுவாமி இரவை வெளியே கழித்து, மறுநாள் மலையைச் சுற்றி வந்த பிறகே 'மறுவூடல்' எனப்படும் சமாதானம் கைகூடுகிறது. இதற்கிடையில் எவரும் அம்மனிடம், "எல்லாரும் பாக்குறாங்க, வாய மூடு" என்று சொல்வதில்லை.

அதே ஊரில், 217 அடி ராஜகோபுரத்தின் எதிரே பலூன்காரரை விட்டு நகர மறுத்து, தன் மூன்றடி உடலைத் தரையில் கிடத்தி, ஒரு செருப்பை உதறி, மற்றொன்றைக் கழற்ற வராமல் அதற்கும் சேர்த்து அழும் குழந்தைக்குக் கிடைக்கும் அவகாசம் இரண்டு நிமிடம். அதற்குள் "பேய் கோபுரத்துல விட்டுட்டுப் போயிடுவேன்" என்ற அறிவிப்பு வந்துவிடும். மேற்குக் கோபுரத்துக்கு அப்பெயர் அமைந்தது பெற்றோருக்கு வாய்த்த வசதிதான். ஆயினும் அச்சத்தால் அடங்கிய அழுகை தணிந்த அழுகையன்று, அது பேருந்து நிலையத்தில் வேறொரு காரணம் பற்றி மீண்டும் கிளம்பும்.

உண்மையில் குழந்தையை உலுக்குவது பலூனைவிட, ஒரு செயலை விட்டு இன்னொன்றுக்குத் தாவ வேண்டிய 'மாற்றத் தருணமே'. "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பது, நிமிடம் இன்னதென்று அறியாத குழந்தைக்கு வெறும் ஓசை. கிரிவலப் பாதையோ கடிகாரம் பார்க்கத் தெரியாதவர்க்கென்றே அமைந்தாற்போல், 14 கிலோமீட்டரில் இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்களைக் கொண்டிருக்கிறது. "எம லிங்கம் வரைக்கும் நட, அங்க தண்ணி குடிச்சிட்டு அப்பா தூக்கிக்கிறேன்" என்றால், அடுத்து நிகழப்போவது குழந்தையின் கண்ணுக்குத் தெரியும் இடமாகிவிடுகிறது. இம்முறையைக் கையாண்ட இக்கட்டுரையாளரின் குடும்பம் நிருதி லிங்கத்தை எட்டுமுன்பே படுதோல்வி கண்டது என்பதும் பதிவு செய்யத்தக்கதே. எம லிங்கத்தில் இரு கைகளையும் உயர்த்தி நின்ற குழந்தையிடம், "அடுத்த லிங்கத்துல" என்று தந்தை நழுவியதே காரணம். தூது சென்ற ஆயாவும் வெறுங்கையோடு திரும்பினார்.

அடுத்த மாட்டுப் பொங்கலுக்குக் குழந்தையோடு வருவோர், கதவு அடைபடுவதைக் காட்டியதோடு ஊர் திரும்பிவிட வேண்டாம். மறுநாளும் தங்கி, அது திறப்பதையும் காட்டிவிட்டுச் செல்லுங்கள்.