லண்டனில் கணக்கு: ஆள் இருக்கிறார், அத்தாட்சி எங்கே?

கேள்வி: லண்டனில் வங்கிக் கணக்குத் தொடங்க எதையெல்லாம் காட்ட வேண்டும்?

பதில்: ஆள் யார் என்பதற்கு ஒன்று, எங்கே குடியிருக்கிறார் என்பதற்கு ஒன்று. முதலாவதற்குப் பாஸ்போர்ட் போதும். ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் அறை எடுத்துத் தங்கும் தமிழர்கள் மாட்டிக்கொள்வது இரண்டாவதில்தான். கேஸ் அல்லது மின்சார பில் என்றால் சமீபத்தில் வந்ததாக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் பழையதைப் பல வங்கிகள் தொடுவதில்லை. கவுன்சில் டாக்ஸ் பில் என்றால் நடப்பு ஆண்டுக்குரியது வேண்டும். எதுவானாலும் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். ஐந்து பேர் பகிர்ந்துகொள்ளும் வீட்டிலோ எல்லா பில்லும் வீட்டுக்காரர் பெயரில் வரும். முழுநேர மாணவர்கள் மட்டுமே குடியிருக்கும் வீட்டுக்குக் கவுன்சில் டாக்ஸிலிருந்து விலக்கு உண்டு: வரி மிச்சம், அத்தாட்சி நஷ்டம். வீட்டு ஏஜென்ட் வாடகை கட்ட வங்கிக் கணக்கு கேட்பார். வங்கி, கணக்குத் தொடங்க வாடகை முகவரி கேட்கும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.

கேள்வி: கேஸ் பில்லைக் கேட்கும் இந்தச் சட்டத்தைப் போட்டது யார்?

பதில்: யாரும் போடவில்லை. 2017 ஜூன் 26 அன்று நடைமுறைக்கு வந்த பணச்சலவைத் தடுப்பு விதிகள் கேட்பது இவ்வளவுதான்: வாடிக்கையாளர் யார் என்பதை, அவருடைய வாய்மொழியைச் சாராத நம்பகமான ஆதாரத்தைக் கொண்டு வங்கி சரிபார்க்க வேண்டும். கேஸ் பில் வங்கிகளின் பட்டியலில் இருப்பது. நிதித்துறை அமைப்புகளின் கூட்டுக் குழு ஒன்று வழிகாட்டி வெளியிடுகிறது. அதைப் பார்த்து ஒவ்வொரு வங்கியும் தனக்கென ஒரு பட்டியல் போட்டுக்கொள்கிறது. தெருவின் இந்தப் பக்கம் மறுக்கப்பட்ட கடிதம் எதிர்ப்பக்கத்து வங்கியில் செல்லுபடியாவது இதனால்தான். கிளைக்குப் போகும் முன் அந்தந்த வங்கியின் பட்டியலைப் பார்ப்பது ஒரு நடையை மிச்சப்படுத்தும்.

வங்கிகளின் பயத்துக்கும் காரணம் உண்டு. பிராட்ஃபோர்டு தங்க வியாபார நிறுவனம் ஒன்று குப்பைப் பைகளில் ரொக்கமாகவே கொண்டுவந்து கொட்டிய பணத்தைச் சரிவரக் கண்காணிக்கத் தவறியதற்காக, 2021 டிசம்பரில் நாட்வெஸ்ட் வங்கிக்கு லண்டன் நீதிமன்றம் 26 கோடிப் பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தது. குப்பைப் பைக்காரரிடம் கேட்க விட்டுப்போன கேள்விகளையும் சேர்த்து இப்போது மாணவர்களிடம் கேட்கிறார்கள்.

கேள்வி: ஆதார் அட்டை செல்லுமா?

பதில்: செல்லாது. ரேஷன் கார்டும் அப்படியே.

கேள்வி: பிரிட்டன் குடிமக்களுக்கே அடையாள அட்டை கிடையாதாமே?

பதில்: இருந்தது, ஒழித்தார்கள். 1939இல் போருக்காகக் கொண்டுவந்த அட்டை, போர் முடிந்து ஐந்தாண்டுக்குப் பிறகும் தொடர்ந்தது. 1950 டிசம்பரில் வட லண்டனின் ஃபின்ச்லியில் கிளாரன்ஸ் வில்காக் என்பவரின் காரை நிறுத்திய போலீஸ்காரர் அட்டையைக் கேட்டார். லிபரல் கட்சிக்காரரான வில்காக், காட்ட முடியாது என்றார். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 1951இல் தலைமை நீதிபதி கோடார்டு பிரபு, குற்றம் குற்றமே என்று சட்டப்படி தீர்ப்பளித்தாலும், போர்க்காலச் சட்டத்தை வைத்துக்கொண்டு எடுத்ததற்கெல்லாம் அட்டை கேட்கும் போலீஸைக் கடிந்துகொண்டார். வில்காக்குக்குத் தண்டனை ஏதும் இல்லை. 1952 பிப்ரவரியில் அட்டையே போனது.

2006இல் இன்னொரு அட்டைக்குச் சட்டம் வந்தது. 2010இல் அடுத்த அரசு அதை ரத்து செய்தது. 2025 செப்டம்பரில் டிஜிட்டல் அடையாளத் திட்டம் அறிவிக்கப்பட்டதும், எதிர்ப்பு மனுவில் கையெழுத்துகள் இருபது லட்சத்தைத் தாண்டின. அரசிடம் அட்டை வாங்க மறுத்த இந்த நாட்டில், இன்னார் இந்த முகவரியில் இருக்கிறார் என்று சாட்சி சொல்லும் பொறுப்பு கேஸ் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது.

கேள்வி: விசா அட்டையைக் காட்டலாமா?

பதில்: பயோமெட்ரிக் அட்டைகளின் காலம் 2024 டிசம்பர் 31உடன் முடிந்தது. இப்போது இருப்பது இ-விசா. அதைக் கையில் எடுத்துக் காட்ட முடியாது. உள்துறையின் இணையக் கணக்கிலிருந்து ஒரு ஷேர் கோட் எடுத்துத் தர வேண்டும். அது 90 நாள் செல்லும். 2014ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டப்படி, நாட்டில் தங்க அனுமதி இல்லாதவருக்கு வங்கி நடப்புக் கணக்குத் தொடங்கக் கூடாது. ஆகவே விசாவைக் கேட்பது வங்கி அதிகாரியின் வம்பு அல்ல.

கேள்வி: பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: தமிழருக்கு இருப்பது தன் பெயரும் ஓர் இனிஷியலும்தான். வங்கிப் படிவம் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாது. அப்பாவின் பெயர் அங்கே போய் உட்காரும். அன்றிலிருந்து வங்கியின் கடிதங்கள் மரியாதையோடு அப்பாவை விளிக்கும். சிரித்துவிட்டு விட முடியாது. பணம் அனுப்பும்போது பெறுபவரின் பெயரைச் சரிபார்க்கும் முறை 2020 முதல் பெரிய வங்கிகளில் உள்ளது. சம்பளப் பட்டியலில் ஒரு வரிசை, கணக்கில் வேறு வரிசை என்றால் பெயர் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வரும். பாஸ்போர்ட், விசா, வாடகை ஒப்பந்தம் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பதே பாதுகாப்பு.

கேள்வி: பில்லே இல்லாதவருக்கு வழி?

பதில்: மாணவர் என்றால் பல்கலைக்கழகத்திடம் வங்கிக்கென்றே ஒரு கடிதம் வாங்கலாம், லண்டன் முகவரியும் வங்கியின் பெயரும் அதில் இருக்கும். வேலைக்கு வந்தவரின் நிறுவனக் கடிதத்தைச் சில வங்கிகள் ஏற்கின்றன. மொன்ஸோ போன்ற செயலி வங்கிகள் அடையாள ஆவணத்தின் படத்தையும் முகத்தின் வீடியோவையும் வாங்கிக்கொண்டு அட்டையைத் தபாலில் அனுப்புகின்றன. எல்லாம் கைவிட்டால் அடிப்படைக் கணக்கு. அரசு குறிப்பிட்ட பெரிய வங்கிகள், சட்டப்படி குடியிருப்பவருக்கு அதை மறுக்கக் கூடாது என்பது விதி. மாதக் கட்டணம் இல்லை, ஓவர்டிராஃப்டும் இல்லை. அடையாளம் மட்டும் அதற்கும் வேண்டும்.

கேள்வி: காரணம் சொல்லாமல் மறுத்தால்?

பதில்: முதலில் வங்கியிடமே எழுத்தில் புகார். எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ நிதி ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், செலவில்லை. பணச்சலவைச் சந்தேகம் என்றால் மட்டும் வங்கி வாய் திறக்காது. திறந்தால் அதுவே குற்றமாகலாம்.

கேள்வி: அதுவரை சம்பளத்தை அறை நண்பரின் கணக்கில் போடச் சொல்லலாமா?

பதில்: கூடாது. பெரும்பாலான வங்கிகளின் விதிகள் அடுத்தவர் பணத்துக்குக் கணக்கை இரவல் தர இடம் கொடுப்பதில்லை. வந்தது மோசடிப் பணமாக இருந்தால், இரவல் கொடுத்தவர் பெயர் சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்புப் பதிவேட்டில் ஏறி ஆறு ஆண்டு வரை இருக்கலாம். அதைப் பார்க்கும் வேறு வங்கியும் கதவைச் சாத்தும். தெரிந்தே உதவியிருந்தால் பணச்சலவைக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டுச் சிறை.