பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்

ஆழ்வார்திருநகரியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஊழியர் விழா என்றால் ஆயுத பூஜைதான். முந்தின நாளே கோப்புகளைத் தூசி தட்டி அடுக்கிவிடுவோம். டைப்ரைட்டருக்கும் ஜீப்புக்கும் சந்தனம் குங்குமம் ஏறும். ஆளுக்குப் பத்து ரூபாய் வசூல். பொரிகடலை, அவல், சுண்டல், வாழைப்பழம். செலவு அதோடு சரி.

தலைமை எழுத்தர் அண்ணாச்சிக்கு ஒரு வழக்கம் உண்டு. தேங்காய் உடைத்ததும் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அந்த வருஷம் அவர் செய்த காரியம் ஒன்றையும் சேர்த்துச் சொல்வார். "தொண்ணூத்திரெண்டு வெள்ளத்துல நனைஞ்ச ரிஜிஸ்டரைப் பக்கம் பக்கமா விரிச்சுக் காய வச்சது இவருதான்" என்று அவர் சொன்னபோது, கூப்பிடப்பட்டவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அண்ணாச்சி இதைக் கற்றது ஆதிநாதர் கோயிலில். பெருமாள் கோயில்களில் கைங்கர்யம் செய்கிறவர்களை அருளப்பாடு சொல்லி, அதாவது பேர் கூவி, அழைத்துத்தான் மரியாதை செய்வார்கள். கையில் விழுவது தீர்த்தமும் துளசியும்தான். ஆனால் அத்தனை பேர் முன்னால் அழைக்கப்படுகிறோமே, அதற்கு விலை ஏது?

அந்தக் காலத்தைப் புகழ்கிறவர்கள் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தைத் தினமும் பெருக்கிய அக்கா வாசல்படிக்கு வெளியேதான் நின்றார். அவருக்குப் பொட்டலம் போகும். பேர் ஒருநாளும் வாசிக்கப்பட்டதில்லை.

சமீபத்தில் தூத்துக்குடியில் உறவுக்காரப் பையன் வேலை செய்யும் நிறுவனத்தின் பாராட்டு விழாவுக்குப் போயிருந்தேன். மார்ச் முதல் வெள்ளிக்கிழமை ஊழியரைப் பாராட்டுகிற வழக்கம் 1995-ல் அமெரிக்காவில் தொடங்கியது. இப்போது இங்கேயும் வந்துவிட்டது. ஓட்டல் மண்டபம், பெரிய திரை, கேக், கண்ணாடிக் கேடயம். வாசித்த பாராட்டு யாருக்கும் பொருந்துகிற பாராட்டு. பேரை மாற்றினால் போதும். "கூட்டிப் பெருக்குகிறவர்கள் வரவில்லையா?" என்று கேட்டேன். "அவங்க கான்ட்ராக்ட் சார், நம்ம லிஸ்ட்ல வரமாட்டாங்க" என்றார் மேலாளர். இத்தனை வருஷத்தில் பண்டம் மாறியிருக்கிறது, மண்டபம் மாறியிருக்கிறது. அந்த அக்கா நின்ற இடம் மட்டும் மாறவில்லை.

பணம் குறைவாக இருப்பது ஒரு குறையே அல்ல. கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் உடன்குடிக் கருப்பட்டி போட்ட காபியும் போதும். வேலை நேரத்துக்குள்ளேயே அரை மணி ஒதுக்குங்கள். வீட்டுக்குப் போகும் நேரத்தில் பிடித்து உட்கார வைக்காதீர்கள். சம்பளம் குறைந்தவரிடம் வசூல் கேட்காதீர்கள். மேலதிகாரி பரிமாறட்டும், எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரட்டும். செய்த வேலையை நாள், இடத்தோடு சொல்லுங்கள். அதற்கு முன்கூட்டியே விசாரித்துக் குறித்து வைக்க வேண்டும். உண்மையான செலவு அந்த விசாரிப்புதான்.

ஒரு எச்சரிக்கை. விழா நடத்திவிட்டுப் போனஸில் கை வைக்கக் கூடாது. தகுதியுள்ள ஊழியருக்கு ஆண்டுச் சம்பளக் கணக்கில் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் போனஸ் சட்டம் கொடுத்த உரிமை. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யின் துணையோடு வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் பெற்ற சீமை இது. உரிமையைக் கொடுத்த பிறகுதான் பாராட்டுக்கு மதிப்பு.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி எங்கள் தெருக்களுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு முழங்கால் சேற்றை வழித்து எடுத்தவர்கள் தூய்மைப் பணியாளர்கள். வெளியூர்களிலிருந்தும் வந்தார்கள். அவர்களில் ஒருவர் பேராவது நமக்குத் தெரியுமா?

இந்த வருஷம் பாராட்டுப் பட்டியல் போடுகிறவர் நீங்களானால், கூட்டுகிறவர், காவல் நிற்கிறவர், தண்ணீர் கேன் தூக்குகிறவர் பேர்களைக் கேட்டு முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் பேர் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.