பொங்கலுக்கு வருமா பறவை?

கேள்வி: திருக்கழுக்குன்றம் மலைமேல் உச்சிவேளையில் சர்க்கரைப் பொங்கல் உண்ணக் கழுகுகள் வந்தனவாமே, இளவேனிலில் வீட்டுத் தோட்டத்தில் பொங்கல் வைத்தாலும் பறவைகள் வருமா?

பதில்: எறும்புகள் நிச்சயம் வரும். திருக்கழுக்குன்றத்தின் வேதகிரீசுவரர் மலையில் கோயில் பண்டாரத்தின் கையால் உண்டவை, இறந்த விலங்குகளையும் கழிவுகளையும் தின்று வாழும் மஞ்சள்முகப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகுகளே. 1990களின் இறுதிக்குப் பின் அவையும் பொங்கலுக்கு வருவதில்லை. சித்திரை, வைகாசியில் தோட்டம் தேடி வரும் விருந்தினரின் சுவை வேறு. ஊதாத் தேன்சிட்டு செம்பருத்தித் தேனைப் பருகினாலும் குஞ்சுகளுக்குப் பூச்சிகளையே ஊட்டுவதால், பூச்சிமருந்து தெளித்த தோட்டம் அதற்கு அடுப்பு அணைந்த வீடு. சின்னான் என்னும் கொண்டைக்குருவி சிறு பழங்களை நாடும். எல்லாவற்றுக்கும் நிழலில் ஓர் அகன்ற சட்டித் தண்ணீர் வேண்டும். குயிலை விரும்புவோர் காகத்தை விரட்டலாகாது. குயில் ஒரு கூட்டு ஒட்டுண்ணி, அதாவது காகம் போன்ற பிற பறவையின் கூட்டில் முட்டையிட்டு அதன் உழைப்பில் தன் குஞ்சை வளர்த்துக்கொள்ளும் பறவை என்பதால், காகத்துக்கு நாள்தோறும் சோறு வைக்கும் குடும்பமே குயிலிசையின் புரவலர். பாராட்டு மட்டும் குயிலுக்குப் போய்விடுகிறது.