மாநாட்டுக்குப் போகிறவர் கவனத்துக்கு

ஜெனீவாவில் மாநாடு என்று அழைப்பு வந்தால், கூடவே ஒரு பயணக் குறிப்பும் வரும். விமான நிலையத்திலிருந்து கோர்னவன் நிலையத்துக்கு ரயிலில் ஏழே நிமிடம். அங்கிருந்து 15ஆம் எண் டிராம் ஏறினால் ஐ.நா. வாசல், விடுதியில் தங்குவோருக்கு டிராமும் பேருந்தும் இலவசம். படிக்கவே சுகமாக இருக்கும். அந்த ஏழு நிமிடத்தை எட்டுவதற்கு முன் படவேண்டிய பாட்டைப் பற்றி மட்டும் குறிப்பு வாயே திறக்காது.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ; விசா மறுத்தாலும் அது திரும்பாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், 35க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். போக வர டிக்கெட் பதிவைக் காட்டினால்தான் விசா. விசா வந்தால்தான் டிக்கெட்டுக்குப் பணம் கட்டத் துணிவு. பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். இத்தனைக்கும் மாநாட்டின் தலைப்பு பெரும்பாலும் ‘எல்லைகளற்ற உலகம்’ என்ற ரகமாகவே இருக்கும்.

தப்பித்துப் போய்ச் சேர்ந்தால், நம் மூன்று பின் பிளக் சுவிஸ் சாக்கெட்டில் நுழையாது. அடாப்டர் வாங்கலாமென்றால், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைப்பு.

விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். எனவே அழைப்பு வந்த அன்றே வரிசையில் நில்லுங்கள். உரையை விமானத்தில் எழுதிக்கொள்ளலாம். அதை யாரும் சரிபார்க்கப் போவதில்லை.