விருந்து தின்னவனை முனி அடிக்காது

வாடா அப்புனு, வா. செருப்பைத் திண்ணை மேல உடாத. உன்ற அப்பத்தா கண்ணுல பட்டா உன்னையும் திட்டுவா, உன்னைச் சாக்கு வெச்சு என்னையும் திட்டுவா. காலையிலதான் சட்டினியில உப்பு எச்சுன்னு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு, ரெண்டு பேரும் பேச்சு வார்த்தை இல்லாம உக்காந்திருக்கறோம். அதை உடு. இப்படிக் கவுத்துக்கட்டல்ல சித்த உக்காரு.

உன்ற கதை உனக்கு முந்தியே ஊரு வந்து சேந்துருச்சு. பஸ்ஸுல நின்னுக்கிட்டிருந்தவன் திடுதிப்புன்னு மாரைப் புடிச்சுக்கிட்டயாம். கண்டக்டரு விசிலடிச்சு எறக்கி உட்டாராம். ஆஸ்பத்திரியில நெஞ்சு மேல வயரை ஒட்டிக் கோடு எடுத்துப் பாத்தாங்களாம். கோடு மேடும் பள்ளமுமா ஒழுங்கா வந்துச்சாம். நல்ல வேளை. நேரா வந்திருந்தா நான் இப்ப உனக்குப் புத்தி சொல்லிக்கிட்டு இருக்க மாட்டேன், மேளத்துக்குச் சொல்லிக்கிட்டு இருப்பேன்.

கடைசியா டாக்டரு அதுக்கு 'பானிக் அட்டாக்'னு பேரு சொன்னாராம். பேரு நல்லாத்தான் இருக்குது. எங்க காலத்துல 'முனி அடிச்சிருச்சு'ம்போம்.

சிரிக்காத. முழுசாக் கேளு.

தெக்க ஓடையோரம் நிக்குதே புளியமரம், அதுலதான் முனி குடியிருந்தாரு. உச்சி உருமத்துல ஆரு தனியா அந்த வழி போனாலும் ஒரு அறை உடுவாரு. அடி வாங்குனவனுக்கு நெஞ்சு படபடங்கும், கையும் காலும் வெடவெடங்கும், வேத்துக் கொட்டும், கண்ணு இருட்டும், 'ஐயோ, இந்த நிமிசமே செத்துப் போறேன்'னு உசுருப் பயம் வரும். உனக்கு வந்ததும் இதுதானே? முனி பஸ் ஏற எப்பப் பழகுனாருன்னுதான் எனக்குத் தெரியலை.

இத்தனை வருசத்துல ஆராரை முனி அடிச்சாருன்னு நான் ஒரு கணக்கு வெச்சிருக்கறேன். காலையில வெறும் நீச்சத்தண்ணியைக் குடிச்சுட்டுக் களையெடுக்கப் போன பொம்பளைகளை அடிச்சாரு. ஒரு பொழுது இருந்து தீர்த்தக்கொடம் எடுத்து வந்த புள்ளைகளை அடிச்சாரு. கரும்புக் காட்டுல பொழுது ஏறுற வரைக்கும் தண்ணி கட்டிப்போட்டு வந்தவனை அடிச்சாரு. ஆனா கண்ணாலத்துக்குப் போயி, எலை நெறையத் தின்னுபோட்டு, வெத்தலை மென்னுக்கிட்டுப் பொழுதோட வந்தவன் ஒருத்தனையாச்சும் தொட்டாருங்கறே? கெடையவே கெடையாது. விருந்து தின்னவன் மேல முனிக்கு அப்படியொரு மரியாதை.

அப்ப ஊருக்கே வெவரம் தெரியாதான்னு கேப்பே. தெரியும்டா. ஊட்டுல அடுப்பு எரியலைன்னு சொல்ல வாய் கூசும். முனி அடிச்சிருச்சுன்னா நாலு பேரு ஓடியாருவாங்க. பட்டினிக்கு மானம் போவும், முனிக்கு மானம் போவாது.

பூசாரி என்ன வைத்தியம் பாப்பாருங்கறே? அடி வாங்குனவனை மொதல்ல நெழலுக்கு இழுப்பாரு. சட்டைப் பொத்தானை அவுத்து உடுவாரு. மூஞ்சியில சில்லுன்னு தண்ணி அடிப்பாரு. வேப்பங்கொழையால விசிறுவாரு. கருப்பட்டிப் பானகம் ஒரு சொம்பு குடிக்க வெப்பாரு. அப்பறம் காதோரமா மந்திரத்தை இழுத்து இழுத்துச் சொல்லி, நீயும் அதே மாதிரி சொல்லும்பாரு. அப்படிச் சொன்னா மூச்சு தானா நிதானப்படும். பத்து நிமிசத்துல முனி எறங்கிருவாரு. உன்ற டாக்டரு என்ன சொன்னாரு? இந்தப் பயம் பத்து நிமிசத்துக்குள்ள உச்சிக்கு ஏறி, அப்பறம் தானாவே எறங்கிரும்னாரா இல்லையா? தானா எறங்கறதை எறக்கிக் குடுத்துட்டுக் கோழி வாங்கிட்டுப் போனாரே, அந்தப் பூசாரியை விட வெவரமானவன் இந்தச் சில்லாவுலயே கெடையாது.

சரி, இப்ப நெசத்தைச் சொல்லு. அன்னைக்கு என்ன தின்னே? ஒண்ணுமே இல்லையா? அதென்ன, பதினாறு மணி நேரம் சாப்பிடாம இருக்கற விரதமா? அதுக்குப் போனுல ஆப்பு வேறயா? அட என் சாமி! நாங்களும் அதே விரதம் இருந்தவங்கதான். எங்களுக்கு அதுக்குப் பேரு பஞ்சம். ஒரே வித்தியாசம், உனக்கு 'இனிச் சாப்பிடலாம்'னு போனு மணியடிக்குது. எங்களுக்கு மணியடிக்க ஆளே இல்லை.

பால் உடாத காப்பி ரெண்டு டம்ளரு. அக்கினி நச்சத்திரம், மே மாசம். செய்தியில வெயிலுக் கணக்குச் சொன்னா கரூர் பரமத்தி பேரு வராத நாளு உண்டா? அந்த வெயில்ல, மத்தியானம் பன்னண்டரைக்கு, நிக்க எடமில்லாத பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வந்திருக்கறே. முனி என்னடா பண்ணுவாரு? நீயே போயி கன்னத்தைக் காட்டியிருக்கறே.

நான் படிச்சது அஞ்சாப்பு. ஆனா பத்து வருசமா சக்கரையோட குடும்பம் நடத்தறவன். 2021ல இருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்'னு ஊடு தேடி மாத்திரை கொண்டாந்து குடுக்குதே ஒரு அம்மா, அந்தம்மாகிட்டயும் சுகாதார நெலையத்து டாக்டரம்மாகிட்டயும் கேட்டுக் கேட்டே பாதி டாக்டராயிட்டேன். மீதிப் பாதியைத்தான் அவிங்க வெச்சிருக்காங்க.

உன்ற மண்டைக்குள்ள இருக்குதே மூளை, அது எடையில ஒடம்புல அம்பதுல ஒரு பங்குதான். தீனியில மட்டும் அஞ்சுல ஒரு பங்கு கேக்கும். வேலை செய்யாத மாப்பிள்ளைக்குத்தான் பந்தியில மொதல் எலைங்கற மாதிரி. நீ சோறு போடலைன்னா ஒடம்பு சும்மா உட்ருமா? ஈரல்ல சேத்து வெச்ச சக்கரையை எடுத்து உடும். அதை முடுக்கி உடறதுக்கு அட்ரினலினையும் சேத்து அனுப்பும். அது எப்பேர்ப்பட்ட ஆளு? பாம்பைக் கண்டு ஓடறப்ப வர்ற அதே ஆளு. நெஞ்சைத் தட்டும், கையை ஆட்டும், வேர்வையைக் கொட்டும். சக்கரை மாத்திரை போடற எனக்கு மீட்டர்ல 70க்குக் கீழயே எறங்கிரும். உனக்கு அந்தளவுக்கு எறங்காது. எறங்காம முட்டுக் குடுக்கறதுக்குத்தான் ஒடம்பு அத்தனை ஆட்டம் போடுது. வெறும் வயித்துக் காப்பியும் அந்த ஆட்டத்துக்கே மேளம் அடிக்கும். குடிச்ச காப்பியோட வீரியம் பாதி கொறையவே ஒரு அஞ்சு மணி நேரம் ஆவுமாம்.

இப்ப வெயிலுக்கு வா. நீ காட்டுக்குத் தண்ணி கட்டியிருந்தா இது சொல்லாமயே புரியும். உனக்குச் சொல்லணும். கெணத்துல தண்ணி கம்மி. வாய்க்காலோ ரெண்டு பக்கமும் தெறந்திருக்குது. மோட்டாரு என்ன பண்ணும்? கத்தும். ஒடம்புச் சூட்டை வெளியேத்த ரத்தம் தோலுப் பக்கம் பாயுது. வேர்வையில தண்ணி வத்துது. நின்னுக்கிட்டே வர்றதுல மீதி ரத்தமும் காலுப் பக்கம் தேங்குது. கடைமடையில இருக்கறது மூளை. அதுக்கும் தண்ணி எட்டணும்னு நெஞ்சு வெசையா அடிக்குது. தலை சுத்துது, கண்ணு கட்டுது. மோட்டாரு கெட்டுப் போச்சுன்னு நீ அலர்றே. மோட்டாரு நல்லாத்தான் ஓடுது, கெணத்தை எட்டிப் பாருடாங்கறேன் நான்.

கத்தறது வரைக்கும் ஒடம்போட வேலை. அப்பறம்தான் உன்ற புத்தி உள்ள வருது. 'இது ஹார்ட் அட்டாக்குதான்'னு தீர்ப்புச் சொல்லுது. அந்தப் பயத்துக்கு ஒடம்பு இன்னொரு குத்து அட்ரினலினை உடுது. நெஞ்சு இன்னும் அடிக்குது. 'பாத்தியா, நான் சொன்னேன்ல'ங்குது புத்தி. தன்ற நெழலைப் பாத்துக் கொலைக்கற நாயி, கொலைக்கக் கொலைக்க நெழலும் குதிக்குதுன்னு இன்னும் கொலைக்குமே, அந்தக் கதைதான். மூச்சை வேற வாங்கு வாங்குன்னு வாங்குவே. அப்படி வாங்குனா ரத்தத்துல கரியமில வாயு கொறைஞ்சு வெரலும் ஒதடும் எறும்பு ஊர்ற மாதிரி ஆயிரும். அதையும் சாவோட தூதுன்னே எழுதிக்குவே.

என்ன, போனைப் பாத்து வாசிக்கறே? இங்கிலாந்துல டேவிட் கிளார்க்குன்னு ஒருத்தரு 1986லயே இதை எழுதிட்டாரா? ஒடம்புல வர்ற சாதா மாத்தத்தைப் பெரிய ஆபத்துன்னு தப்பா வாசிக்கறதுலதான் இந்தப் பயம் பொறக்குதுன்னா? மகராசன், நல்லா இருக்கட்டும். எங்க பூசாரிக்கும் தெரியும், ஆனா அவரு எழுதலை. எழுதியிருந்தா கோழி வராதே!

பள்ளிக்கூடத்துல காலையில வெறும் வயித்தோட பிரேயருக்கு நிக்கறப்ப புள்ளைக மயங்கி உழுவுமே, நாங்க பாத்திருக்கறோம். அதுக பொழுதன்னைக்கும் மிரண்ட புள்ளையாட்ட முழிக்கும். அதுகளுக்கும் மந்திரிச்சுக் கயிறு கட்டுவாங்க. 2022 செப்டம்பர் 15ந் தேதி மதுரையில ஒரு பள்ளிக்கூடத்துல புள்ளைகளுக்குக் காலைச் சோறு போடற திட்டத்தை ஆரம்பிச்சு வெச்சாங்க பாரு, அதை டி.வி.யில பாத்தப்ப, 'கயிறு கட்ட வேண்டிய எடம் கை இல்லை, வயிறு'ன்னு அன்னைக்குத்தான் வெளங்குச்சு.

அதுக்காக, எல்லா வெசனமும் வயித்துல இருந்துதான் வருதுன்னு நான் சொன்னதா ஊருக்குள்ள சொல்லிப்போடாத. நெழல்ல உக்காந்து, வயிறு நெறையத் தின்னு, நல்லாத் தூங்கி எந்திரிச்ச பொறகும் மனசு அடிச்சுக்குதுன்னா அது வேற முனி. அதுக்கு மோரு ஆவாது, மனசு டாக்டருதான் வேணும். வெக்கமா இருந்தா 14416ன்னு ஒரு நம்பரு இருக்குது, அரசாங்கத்து டெலிமானஸ். காசு இல்லை, பேரு கேட்டு ஊருக்குச் சொல்லவும் மாட்டாங்க. ஏற்கெனவே மனசுக்கு மாத்திரை சாப்பிடறவங்க வெயக்காலத்துல டாக்டரை ஒரு தடவை கேட்டுக்கணும். சில மாத்திரை வேர்வையை அடக்கும். லித்தியம்னு ஒண்ணு, ஒடம்புல தண்ணி வத்துனா ரத்தத்துல எச்சாயிரும். கேக்கணும்னுதான் சொன்னேன், நீயா நிறுத்திப்போடாத.

அதே மாதிரி, என் வயசுக்காரன் மாரு வலிக்குது, கை இழுக்குதுன்னா, 'முனிதான், மோரு குடிங்க'ன்னு ஆரும் வைத்தியம் பாக்கக் கூடாது. வெயில்ல இருந்தவன் ஒடம்பு நெருப்பாக் கொதிச்சு, 104 டிகிரி தாண்டி, பேச்சுக் கொழறுனாலும் அதேதான். ஒடம்பை ஈரத்துணியால குளுத்திக்கிட்டே 108க்குப் போனைப் போடணும். பூசாரி அப்பறமா வரட்டும்.

உனக்கு நாஞ் சொல்றது நாலே நாலு. காலையில ரெண்டு வாயாச்சும் தின்னுபோட்டு ஊட்டை உட்டு எறங்கு. கம்மஞ்சோத்தைக் கரைச்சுக் குடிச்சா நாகரிகம் கொறைஞ்சு போவாது. ரொம்ப வேத்துப் போச்சுன்னா ஒரு லிட்டரு தண்ணியில ஆறு டீஸ்பூன் சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எல்லாம் தலை தட்டி அளக்கணும். படபடன்னு வந்தா மொதல்ல நெழலு, அப்பறம் தண்ணி, அப்பறம் இழுத்து உடாத மெதுவான மூச்சு. நாலாவது, மத்தியானம் பன்னண்டரைக்கு 'வேலை போயிரும், எவளும் கட்டிக்க மாட்டா'ன்னு ஒரு ரோசனை வருது பாரு, அதுக்கு வாய்தா குடு. ஒரு மணிச் சோத்துக்கு அப்பறமா வரச் சொல்லு. பாதி ரோசனை திரும்பியே வராது.

அதென்ன, பையில இருந்து ஒண்ணொண்ணா எடுக்கறே? தண்ணி பாட்டலு மூணு, குளுக்கோஸ் பாக்கெட்டு ரெண்டு, கையில காத்தாடி. ஏண்டா, கண்ணாலத்துக்குச் சீரு கொண்டு வந்தியா? பாரு அப்புனு, தண்ணி தாகத்துக்குக் குடிக்கறது. பயத்துக்குக் கட்டிக்கிட்டா அதுக்குப் பேரு தாயத்து. பாட்டலு இல்லாம வெளிய போவ மாட்டேன், இனிப் பஸ்ஸே ஏற மாட்டேன்னு உக்காந்தியின்னா, முனி புளியமரத்தை உட்டுட்டு உன்ற ஊட்டுக்கே குடி வந்துருவாரு. வாடகையும் தர மாட்டாரு. நாளைக்குத் தின்னுபோட்டு அதே பஸ்ஸுல ஏறு. நெஞ்சு அடிச்சா அடிக்கட்டும். 'மோட்டாரு ஓடுது'ன்னு சொல்லிக்க.

என்னடா என்ற கையையே பாக்கறே? ஆடுதா? காத்துக்கு ஆடும். வேர்வையா? வெயக்காலம், வேக்காதா? மணி ஒண்ணேகாலா? நான் எப்பச் சாப்பிட்டேனா? அதான் சொன்னேனே, சட்டினியில உப்பு எச்சுன்னு... ஆமா, எலையை உட்டு எந்திரிச்சுட்டேன். மாத்திரையா? அது... அதைத் திங்கறதுக்கு முந்தியே போட்டுக்கிட்டேன்.

மீட்டரை எடுத்தாந்துட்டியா? குத்து. எவ்வளவு? 64ஆ? சரி சரி, அலறாத. அந்தக் குளுக்கோஸ் பாக்கெட்டை இக்கட்டக் குடு. அதுல மூணு டீஸ்பூனைத் தண்ணியில கரைச்சுக் குடிச்சுட்டு, பதினஞ்சு நிமிசம் கழிச்சு மறுபடியும் குத்திப் பாத்துட்டு, அப்பறம் சோறு திங்கணும். தாயத்தும் சமயத்துக்கு ஒதவுது பாரு. நான் ஒண்ணும் மறந்து போயி உக்காந்திருக்கலை, உனக்குச் செஞ்சு காட்டோணும்னுதான் இருந்தேன்.

உள்ள போயி உன்ற அப்பத்தாகிட்டச் சோறு போடச் சொல்லு. அப்பாருக்குப் பசிக்குதுன்னு மட்டும் வாயைத் தொறந்துறாத, நாப்பது வருசத்துக்குச் சொல்லிக் காட்டுவா. முனி அடிச்சிருச்சுன்னு சொல்லு.