பாடத்திட்டம் தேர்தல் இயல்: வலங்கைமான் உரை

அறிவியல் பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது அறிவியல் கற்பதன் முதற்படி என்றே இதுகாறும் நம்பப்பட்டு வந்தது. அது பொருந்தாது. இரண்டும் வெவ்வேறு துறை. ஒரே கூரையின்கீழ் இரண்டும் சேர்ந்து நடந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. இதுபற்றி யாமே இயற்றிய நூற்பா:

தேர்தல் பெற்றோர் தொழிலே, கற்றல்
பிள்ளைகள் தொழிலே; முன்னது முடியாது;
பின்னது காத்து நில்லாது என்ப.

'என்ப' என்றதனால் முன்னோரும் இவ்வாறே கூறினர் என்பது பெறப்படும். எந்த முன்னோர் எனின், அது தனி ஆய்வுக்குரியது.

ஆய்வுக்களம் வலங்கைமான். 1869இல் சீனிவாச சாஸ்திரியார் பிறந்த ஊர். பள்ளித் தலைமையாசிரியராக இருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் வரை உயர்ந்தவர். அறிவியல் கலைச்சொற்களுக்காக 1940இல் சென்னை அரசு அமைத்த குழுவுக்கும் அவரே தலைவர். தமிழன்பர்கள் அந்தக் குழுவைச் சும்மா விடவில்லை. ஆகவே பிள்ளைகளின் அறிவியல் புத்தகத்தை முன்னிட்டுப் பெரியவர்கள் மல்லுக்கட்டுவது இவ்வூருக்குப் பிதுரார்ஜிதம் என்று கொள்க.

ஆய்வுக்குட்பட்ட வீட்டில் நால்வர். அகத்திணை மரபுப்படி பெயர் சுட்டவில்லை: தலைவன், தலைவி, மகள், செவிலித்தாய் இடத்தில் அப்பாயி. ஐந்தாம் வகுப்போடு மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைப்பதென்று முடிவாயிற்று. "நாளைக்கு சர்டிபிகேட்டுக்கு எங்கடா போவ?" என்றார் அப்பாயி. பன்னிரண்டரை வயது நிரம்பினால் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம், அரசுத் தேர்வுகள் இயக்ககமே நடத்துகிறது என்று தலைவன் விளக்கினான். ஐந்து நிமிடத்தில் அந்தப் பேச்சு தீர்ந்தது. அறிவியலுக்கு எந்தப் புத்தகம் என்பதுதான் தீரவில்லை.

முதலில் சமச்சீர். 2018இல் புதுப்பிக்கப்பட்ட ஆறாம் வகுப்பு நூல். கியூஆர் கோடெல்லாம் உண்டு. தலைவிக்குப் பிடித்திருந்தது. "அதைப் படிக்கப் பள்ளிக்கூடமே போதுமே" என்றான் தலைவன். அடுத்தது என்சிஇஆர்டி 2024இல் கொண்டுவந்த 'கியூரியாசிட்டி'. நல்ல நூல்தான், ஆனால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இலவசமாகக் கிடைப்பதில் ஏதோ குறை இருந்தே தீரும் என்பது தேர்தல் இயலின் தலையாய விதி.

மூன்றாவது, கடல் கடந்து வரும் பெட்டிப் பாடத்திட்டம். இந்த விலைக்கு ஒரு மா நிலத்தில் குறுவை நட்டு எடுத்துவிடலாம் என்று அப்பாயி கணக்குச் சொன்னார். பெட்டி வந்தது. அக்டோபர் மாதப் பாடம்: 'உதிர்ந்த மேப்பிள் இலைகளைப் பொறுக்கி நிறவாரியாக ஒட்டுக.' நமக்கு அது ஐப்பசி, அடைமழை. கொல்லையில் உதிர்ந்து கிடந்தது முருங்கை. நிறம் ஒன்றே, மஞ்சள். நோட்டின் ஒரு பக்கம் முழுக்க மஞ்சளாயிற்று. டிசம்பர் மாதப் பாடம்: 'வானிலிருந்து விழும் பனித்துகளின் ஆறு கிளைகளை உருப்பெருக்கியில் நோக்குக.' மார்கழி விடியலில் மகள் வாசலுக்குப் போய்க் குனிந்து நோக்கினாள். கோலமாவு நனைந்திருந்தது. கிளை எதுவும் தென்படவில்லை. 'இடம் நோக்கிப் பொருள் கொள்க' என்று இவ்விடத்து உரை எழுதி அமைதி காண்க.

இனி, ஊரே பாடம் என்போர் கட்சி. வேதியியலுக்கு வலங்கைமான் வெடி இருக்கிறதே என்பார்கள். வெடியுப்பு, கந்தகம், கரி: கரி எரிய வேண்டிய ஆக்சிஜனை வெடியுப்பே தருகிறது. அருமையான பாடம், செய்முறைத் தேர்வு மட்டும் வேண்டாம். வானியலுக்குப் பக்கத்திலேயே குருத்தலமான ஆலங்குடி. வியாழன் சூரியனை ஒரு சுற்றுச் சுற்றிவரச் சற்றேறக்குறையப் பன்னிரண்டு ஆண்டு, அதாவது ராசிக்கு ஓராண்டு, ஆவதால்தான் குருப்பெயர்ச்சிக்கு ஆண்டுதோறும் கூட்டம். மகளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்து, அவள் பிறந்தபோது இருந்த ராசிக்கே குரு திரும்பி வந்துவிட்டார். பாடத்திட்டம் முடிவாகவில்லை.

ஒரே நூல் போதும் என வாதிடுவோர் கும்பகோணத்து இராமானுஜனைக் காட்டுவர். 1903 வாக்கில் கார் எழுதிய கணிதத் தொகுப்பு ஒன்று கைக்கு வந்தது. அதையே கட்டிக்கொண்டு கிடந்தார். பிறகு மற்றப் பாடங்களில் கோட்டைவிட்டு எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். இந்த மேற்கோளைப் பெற்றோரிடம் முதற்பாதியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

ஆவணியில் சம்பாவுக்கு விதை நேர்த்தி. அண்டாவில் தண்ணீர் நிரப்பி, புது முட்டை ஒன்றை அப்பாயி உள்ளே விட்டார்; அடியில் போய் உட்கார்ந்தது. கல்லுப்பை அள்ளிப் போட்டு மகளைக் கலக்கச் சொன்னார். "நாலணா அகலத்துக்கு முட்டை மேல தெரியணும், அதான் பதம்." நாலணா 2011இலேயே செல்லாமல் போனதால் மகள் அதைக் கண்ணால் பார்த்ததில்லை, அப்பாயியின் கட்டைவிரல் நகத்தை அளவாக வைத்துக்கொண்டாள். பதம் வந்ததும் முட்டையை எடுத்துவிட்டு விதையைக் கொட்டினார்கள். பதரும் அரைமணியும் மேலே வந்தன. திரண்ட மணி அடியில் தங்கியது. மிதந்ததை வழித்தெறிந்துவிட்டு, தங்கிய விதையை நல்ல தண்ணீரில் அலசினார் அப்பாயி.

மகள் உள்ளே ஓடினாள். தலைவன் மூன்று பாடத்திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டவணை போட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பா, நல்ல தண்ணில முங்குன முட்டை உப்புத் தண்ணில மட்டும் ஏம்ப்பா மிதக்குது?"

"இரும்மா, இது எந்தப் புஸ்தகத்துல வருதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்."