பனிப்பாறைக்கு ஒரு நலம் விசாரிப்பு

1794இல் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் அலாஸ்காவின் கிளேசியர் பே விரிகுடாவைப் பார்த்தபோது, பனி வாசலையே அடைத்துக்கொண்டு நின்றது. என்ன மரியாதை கெட்ட பனி! இன்று ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உள்ளே ஒதுங்கி, குடும்பத்தோடு வரும் பயணிகளின் கப்பல்களுக்கு வழிவிட்டிருக்கிறது. வளர்ச்சி என்றால் இதுதான்.

உருகி முடிவதற்குள் பார்த்துவிட வேண்டாமா? கடமை உணர்வோடு எண்ணெய் எரித்து, புகை கக்கியபடி நலம் விசாரிக்கப் போகிறார்கள். நாளொன்றுக்கு இரண்டு உல்லாசக் கப்பல்களுக்கே அனுமதி. தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அப்படித்தானே! வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு அமிழ்ந்தபடி, பனி இடிந்து விழும்போதெல்லாம் கைதட்டி உற்சாகப்படுத்துகிறார்கள்.

ஒருநாள் மட்டும் எதுவும் இடியவில்லை. பனி அப்படியே திடமாக நின்றது. குடும்பத் தலைவர் ஒருவர் கொதித்துப்போய், கட்டணத்தைத் திருப்பிக் கேட்டார்.